தாவ்லா

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணி, வெளியே இன்னும் இருட்டு. உடை மாற்றும் அறையின் ரப்பர் தரையில் முழங்காலிட்டு மகளின் கால் பேடுக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதாகிறது, மற்றதெல்லாம் தானே போட்டுக்கொள்வாள். ஆனால் நெஞ்சுக் கவசத்தை முதலில் மாட்டினால்தான் ராசி என்று ஒரு நம்பிக்கை. அதை மாட்டியபின் குனிய முடியாது. அதனால் கடைசி இரண்டு வார் என் வேலை. எந்தச் சாமி முன்னாலும் நான் இத்தனை முறை முழங்காலிட்டதில்லை.

நாங்கள் இருப்பது வெஸ்தெரோஸில். ஸ்டாக்ஹோமிலிருந்து மேற்கே ரயிலில் ஒரு மணி நேரம். எனக்கு மின்மோட்டார் வடிவமைக்கும் வேலை. இந்த ஊருக்கு வந்த புதிதில் ஐஸ் ஹாக்கி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், நிறையப் பேர் ஒருவரை ஒருவர் பலகைச் சுவரில் மோதித் தள்ளுவார்கள், நடுவில் ஏதோ ஒன்று கறுப்பாக ஓடும் என்பதுதான். பக் என்கிற அந்தக் கறுப்பு வில்லையின் எடை 170 கிராம் வரை இருக்கும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அது நம் பிள்ளையை நோக்கி வரும்போது எடையெல்லாம் தானாக மனப்பாடமாகிவிடும்.

மகள் கோல்கீப்பர். ‘கோலி’ என்று சுருக்கி எழுதலாம்தான். ஆனால் தமிழில் அப்படி எழுதினால் ஒன்று குண்டு விளையாட்டு ஞாபகம் வரும், இல்லாவிட்டால் விராட் ஞாபகம் வரும். ஸ்வீடிஷில் மோல்வாக்ட். மோல் என்றால் கோல், வாக்ட் என்றால் காவல். சிறு வயதில் எல்லாப் பிள்ளைகளையும் முறைவைத்து கோலில் நிறுத்துவார்கள். இவள் முறை வந்தது, அடுத்த வாரம் கவசத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று நின்றாள், அவ்வளவுதான் கதை. கவசம், பேடு, கையுறை எல்லாம் கிளப்பிலிருந்து இரவல். சட்டை எண் 35. அளவில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அன்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். மூன்றாவது பீரியட், அதாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதி, 3-3, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும். எதிரணிப் பையன் ஒருவன் நடுக்கோட்டைத் தாண்டினான். மூச்சு வாங்கியது அவனுக்கு. ஆள் மாற்றிக்கொண்டு வெளியே போவதற்காக பக்கைச் சும்மா எங்கள் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு பெஞ்சைப் பார்த்துத் திரும்பிவிட்டான். அடித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. பக் காற்றில் புரண்டு, ஐஸில் விழுந்து, தத்தித் தத்தி வந்தது. மகள் மட்டையைத் தரையில் வைத்து, முழங்காலை மடக்கி, எல்லாம் முறையாகத்தான் நின்றாள். கடைசித் தத்தலில் பக் விளிம்பில் விழுந்தது. எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. மட்டைக்கும் பேடுக்கும் இடையில் ஒரு கை அகலம் இடைவெளி, அதற்குள் புகுந்துவிட்டது.

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு அந்தத் திரும்பல் தெரியும். முன்னால் வருவதைப் பார்ப்பதற்காகவே நிற்கிற ஒருத்தி பின்னால் திரும்பினாள் என்றால் செய்தி நல்லதில்லை.

போட்ட பையன் பார்க்கவே இல்லை. பெஞ்சில் அவன் கூட்டாளிகள் ஹெல்மெட்டில் தட்டிய பிறகுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது.

எனக்குப் பின் வரிசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு அப்பா, சத்தமில்லாமல், ஒரே வார்த்தை சொன்னார். “தாவ்லா.”

தாவ்லா என்றால் ஸ்வீடிஷில் ஓவியம், சுவரில் சட்டம் போட்டு மாட்டுகிற படம். கோல்கீப்பர் சொதப்பி ஒரு கோலை விட்டால் ‘தாவ்லா போட்டுவிட்டார்’ என்பார்கள் இங்கே. ஃபுட்பாலுக்கும் உண்டு, ஹாக்கிக்கும் உண்டு. முன்கள ஆட்டக்காரர் திறந்த கோலைக் கோட்டைவிட்டால் அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பதாக நான் கேட்டதில்லை. காவல்காரர் விட்டால் மட்டும் அது படம். எல்லாரும் பார்க்கும்படி மாட்டிவைக்கத்தான் போலிருக்கிறது.

ஆட்டம் 4-3 என்று முடிந்தது. உடை மாற்றும் அறையில் மகள் மாஸ்க்கைக் கழற்றவில்லை. நான் வாரை அவிழ்த்தேன், அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்போது கிளப்பில் ஸ்கேட்டு தீட்டிக் கொடுக்கிற பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எழுபதைத் தாண்டியவர். ஓய்வு பெற்றபின் சம்பளமில்லாமல் செய்கிறார். பிள்ளைகளைத் தேற்றுவதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. அன்றும் தேற்றவில்லை. “டொம்மி சாலோ கொபாட்டிடம் வாங்கியதைப் பார்த்திருக்கிறாயா நீ?” என்றார். மகள் மாஸ்க்குக்குள்ளிருந்து தலையாட்டினாள், இல்லை என்று. “இன்றைக்குப் பார். அதற்குப் பிறகு லில்லேஹாமரைப் பார். அந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் டொம்மி சாலோ வந்தார்.

ஸ்வீடன் கோல்கீப்பர் என்றால் வெளியே எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். அவர் நியூயார்க் ரேஞ்சர்ஸில் பதினைந்து சீசன், 459 வெற்றி, 2006 ஒலிம்பிக் தங்கம், கோட்டு சூட்டு, கிடார் என்று ராஜா மாதிரி வாழ்ந்தவர். ரசிகர்கள் அப்படியேதான் கூப்பிட்டார்கள். அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவருக்கு முன்னால் பெல்லே லிண்ட்பெர்க். 1985இல் வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீகான என்.எச்.எல்-இன் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை வாங்கிய முதல் ஐரோப்பியர், அதே ஆண்டு நவம்பரில் கார் விபத்தில் போய்விட்டார். வயது 26. அவரைப் பற்றி எழுதவே மனசு வராது. இவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறார் சாலோ. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் வேறு.

சூராஹம்மார் இங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆற்றங்கரையில் ஒரு பழைய இரும்பாலை, அதைச் சுற்றி ஊர். எனக்கு அந்தப் பெயர் ஹாக்கிக்கு முன்பே பழக்கம். மோட்டாரின் உள்ளே அடுக்குகிற மெல்லிய மின்தகடு அந்த ஆலையில் செய்வதுதான். வேலையில் அந்த ஊர்ப் பெயரை ஆயிரம் முறை படித்திருப்பேன். அங்கே 1971 பிப்ரவரியில் ஒரு கோல்கீப்பர் பிறந்தார் என்று எந்தத் தகட்டுப் பட்டியலிலும் போடவில்லை. 1990இலிருந்து 94 வரை அவர் ஆடியது எங்கள் ஊர் வெஸ்தெரோஸ் அணிக்கு. பின்னாளில் என்.எச்.எல். நட்சத்திரமான நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமும் அப்போது இங்கேதான், டெட்ராய்ட்டுக்குப் போவதற்கு முன்னால். அந்தப் பழைய கிளப் 2000இல் திவாலாகி, இப்போது இருப்பது அதன் மேல் புதிதாக எழுப்பியது. ஆனால் ஸ்கேட்டு தீட்டுகிற பெரியவருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவருக்கு எல்லாம் ஒரே கிளப்தான்.

சரி, பெரியவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

2002 பிப்ரவரி 20. சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக், காலிறுதி. ஸ்வீடனுக்கு எதிரணி பெலாரூஸ். குரூப் ஆட்டங்களில் ஸ்வீடன் கனடாவை 5-2 என்று உரித்துப் போட்டிருந்தது, செக் அணியையும் ஜெர்மனியையும்கூட. தங்கம் இவர்களுக்குத்தான் என்று பலர் எழுதிவைத்துவிட்டார்கள். மட்ஸ் சுண்டின் இருக்கிறார், லிட்ஸ்ட்ரோம் இருக்கிறார், கோலில் சாலோ. அந்த வருடம் என்.எச்.எல். ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கே அழைக்கப்பட்டவர்.

மூன்றாவது பீரியடில் 3-3. இரண்டரை நிமிடம்கூட பாக்கி இல்லை. விளாதிமிர் கொபாட் என்ற பின்கள ஆட்டக்காரர் நீலக்கோட்டுக்கு வெளியிலிருந்து ஓங்கி ஒரு அடி அடிக்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு ஒலிம்பிக் கோல்கீப்பரை ஏமாற்ற முடியாது. பக் எழும்பி வருகிறது, நேரே தலைக்கு. சாலோ கையைத் தூக்குகிறார். அது மாஸ்க்கில் பட்டு மேலே எகிறுகிறது. மேலே போனது எங்கே இறங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் விழுகிறது. கோட்டைத் தாண்டி உள்ளே.

அப்புறம் அந்தத் திரும்பல்.

மகள் அந்தக் காட்சியை ஐந்தாறு முறை ஓட்டினாள். சோபாவில் இன்னும் உள் கவசத்தோடு, தலைமுடி வியர்வையில் ஒட்டிக்கொண்டு. “கண்ணை மூடிவிட்டார் போல” என்றாள் முதல் முறை. அடுத்த முறை, “இல்லை, மேலே தேடுகிறார்” என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள். எனக்கு இன்று வரை அது போதுமான விளக்கம். “கிட்டே இருந்து அடித்தால் யோசிக்க நேரம் இல்லைம்மா, உடம்பே பார்த்துக்கொள்ளும். தூரத்திலிருந்து வந்தால் யோசிக்க நேரம் இருக்கும். அதுதான் பிரச்சினை.”

ஸ்வீடன் 4-3 என்று வெளியேறியது. நாட்டில் சாலோவைத் திட்டாத வாய் இல்லை. பெலாரூஸ் அதன் பிறகு கனடாவிடம் 7-1, ரஷ்யாவிடம் 7-2 என்று தோற்று ஊர் போய்ச் சேர்ந்தது. அது வேறு வயிற்றெரிச்சல்.

நான் இதில் வக்கீலாக நிற்க விரும்பவில்லை. அன்றைக்கு பெலாரூஸ் கோலை நோக்கி அடித்தது வெறும் 19 முறை, அதில் நான்கு உள்ளே போயிருக்கிறது. நல்ல நாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மறுபக்கம் ஸ்வீடன் அடித்தது 47. பெலாரூஸின் ஆந்த்ரே மேசின் 44ஐப் பிடித்துவிட்டார். உலகத்தின் மிகச் சிறந்த முன்கள ஆட்டக்காரர்கள் என்று சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம் 47இல் மூன்றைத்தான் போட்டது. அவர்கள் கோட்டைவிட்ட எந்த ஒன்றுக்கும் படம் இல்லை. யாருக்கும் ஞாபகமும் இல்லை. இதைப் பெரியவரிடம் அடுத்த வாரம் சொன்னேன். ஸ்கேட்டைத் தீட்டுக்கல்லிலிருந்து எடுக்காமலே, “அதற்குத்தானே அந்த வேலையில் மாஸ்க் கொடுக்கிறார்கள்” என்றார். தமாஷா, நிஜமா என்று தெரியவில்லை.

இரண்டாவதாக லில்லேஹாமர். 1994 பிப்ரவரி 27. இறுதிப் போட்டி, கனடாவோடு. ஸ்வீடன் அதுவரை ஒலிம்பிக் ஹாக்கியில் தங்கம் வாங்கியதில்லை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது மக்னுஸ் ஸ்வென்சன் ஒன்று போட்டு 2-2 ஆக்குகிறார். கூடுதல் நேரத்திலும் கோல் இல்லை. பிறகு ஒருவருக்கு ஒருவர். ஆட்டக்காரர் நடுவிலிருந்து பக்கோடு வருவார், எதிரே கோல்கீப்பர் மட்டும். அணிக்கு ஐந்து, அதிலும் 2-2. அதன் பிறகு சுற்றுக்கு அணிக்கு ஒன்று, வித்தியாசம் வந்ததும் முடிவு. அதில் ஒரு சுற்று வீண். அடுத்த சுற்றில் ஸ்வீடன் முதலில்.

இருபது வயது பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் வருகிறார். கோரி ஹிர்ஷ் என்ற கனடா கோல்கீப்பரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போய், அவர் சாய்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் ஒற்றைக் கையில் மட்டையை நீட்டி மறுபக்கம் பக்கைத் தள்ளிவிடுகிறார். அடித்தது மாதிரியே இருக்காது. தாழ்ப்பாள் போட மறந்த கதவை விரலால் தள்ளியது மாதிரி இருக்கும். அடுத்த வருடம் ஸ்வீடன் தபால் துறை அதை ஸ்டாம்பாகப் போட்டது. ஹிர்ஷ் தன் உருவத்தைப் போட ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் சட்டையின் நிறத்தை மாற்றி, யாரோ ஒரு கோல்கீப்பர் போலாக்கிவிட்டார்கள். ஆனாலும் அது யார் என்று ஊருக்கே தெரியும்.

ஆனால் ஃபோர்ஸ்பெர்க் போட்டதோடு தங்கம் வந்துவிடவில்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டினேன். கனடாவுக்கு இன்னும் ஒரு முறை பாக்கி இருந்தது. பால் கரியா, வயது 19, சற்று முன்புதான் அதே சாலோவை ஏமாற்றி ஒன்று போட்டவர். அவர் போட்டிருந்தால் மறுபடி சமம், இன்னொரு சுற்று. கரியா வந்தார், பக்கைத் தூக்கி அடித்தார். சாலோ ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறார், கால் மேலே வருகிறது, பக் அதில் பட்டு வெளியே போகிறது. அவ்வளவுதான். ஸ்வீடன் ஆட்டக்காரர்கள் எல்லாரும் பெஞ்சைத் தாண்டி அவர் மேல்தான் வந்து விழுந்தார்கள்.

அந்தக் காலுக்கு ஸ்டாம்ப் இல்லை. தங்கம் வாங்கிய ஆட்டத்தின் ஸ்டாம்பில் ஒரு கோல்கீப்பர் இருக்கிறார், அவரும் விட்டவர். பிடித்தவர் இல்லை.

நான் அந்த ஸ்டாம்பை ஒரு பழைய பொருள் சந்தையில் தேடிப் பிடித்தேன். பிசின் காய்ந்து ஓரத்தில் மஞ்சளாகியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்து மகள் பார்த்தாள். கோல்கீப்பரின் கையுறை நிற்கும் இடம் சரியில்லை என்று விமர்சனம் வேறு.

இந்த இரண்டு பிப்ரவரிகளுக்கும் நடுவில் எட்டு வருடம். அதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை. எனக்கென்னவோ அதுதான் சுவாரசியமான பகுதி.

தங்கம் வாங்கிய கையோடு சாலோ அமெரிக்கா போனார். என்.எச்.எல். அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகப் பொறுக்குகிற டிராஃப்டில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அதற்கு முந்தின வருடமே அவரை எடுத்திருந்தது, 118ஆவது ஆளாக. அதாவது அவருக்கு முன்னால் 117 பேரை யோசித்திருக்கிறார்கள். ஒலிம்பிக் சாம்பியன் என்றதும் நேரே மேடையில் ஏற்றிவிடவில்லை. இரண்டாம் கட்ட லீகில் டென்வருக்கு அனுப்பினார்கள். அங்கே ஐரோப்பாவைவிடக் களத்தின் அகலம் நாலு மீட்டர் குறைவு. கோல்கீப்பருக்கு அது புது ஊர் மாதிரி. இங்கே அகலமான களத்தில் ஓரத்திலிருந்து வருகிறவனுக்கு அடிக்க வசதியில்லை, அடித்தாலும் பிடித்துவிடலாம். அங்கே ஓரம் என்பதே கிட்டேதான். கோணம் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டும். படித்தார். முதல் வருடமே லீகின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம், கோப்பை. அடுத்த வருடம் அந்த அணி இடம் மாறியது, மறுபடி கோப்பை. அணி மாறிப்போன ஊர் எது தெரியுமா? சால்ட் லேக் சிட்டி. ஆறு வருடம் கழித்து அவர் தலையில் பக் விழப்போகிற அதே ஊர். இதை ஒரு கதையில் எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறது என்று வெட்டிவிட்டிருப்பேன்.

ஐலண்டர்ஸில் நிலையான இடம் கிடைத்த பிறகு வந்தது சம்பளப் பஞ்சாயத்து. என்.எச்.எல்-இல் அப்படி ஒரு முறை உண்டு. ஆட்டக்காரர் இவ்வளவு வேண்டும் என்பார், கிளப் அவ்வளவு தகுதி இல்லை என்று நிரூபிக்க வேண்டும், ஆட்டக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. யோசித்துப் பாருங்கள், நாளைக்கு யாருக்காகக் கோலில் நிற்கப் போகிறோமோ அவர்களே இன்றைக்கு நம் குறைகளைப் பட்டியல் போட்டு வாசிக்கிறார்கள். அணியின் பொது மேலாளர் மைக் மில்பரி பேசியதைக் கேட்டு சாலோ அழுதுவிட்டார் என்று அப்போது செய்தி வந்தது, இன்றும் ஹாக்கிக்காரர்கள் அதைக் கேலியாகச் சொல்வதுண்டு. ஒரு ஆண்டுக் கடைசி மதிப்பீட்டில் என் தவறுகளை மூன்று பக்கத்துக்கு வரிசைப்படுத்திய ஒரு முன்னாள் மேலாளர் எனக்கும் இருந்தார். நான் அலுவலகக் கழிவறையில் போய் அழுதேன். எனக்கு இதில் கேலி எதுவும் தெரியவில்லை.

1999 மார்ச்சில் அவரை எட்மண்டனுக்கு மாற்றினார்கள். அங்கேதான் அவருடைய நல்ல காலம். ஐந்து சீசன். எட்மண்டன் ஆயிலர்ஸ் அப்போது காசில்லாத அணி, பெரிய பெயர்களை வைத்துக்கொள்ள முடியாது. பின்னால் நிற்கிற ஆள் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வருடத்துக்கு எழுபது ஆட்டம் அளவுக்குச் சாலோவே நின்றார். சீசன் கடைசியில் கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுகள் வந்தால் முதல் சுற்றிலேயே டாலஸ் அணி காத்திருக்கும். 1999, 2000, 2001, 2003 என்று நான்கு முறை அதே டாலஸ், நான்கு முறையும் தோல்வி. 1999இன் கடைசி ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை போனது. கிட்டத்தட்ட இரண்டு ஆட்டத்தை ஒரே ராத்திரியில் ஆடி, கடைசியாக விட்ட ஒரு பக்கில் 3-2 என்று தோல்வி. அது தாவ்லாவும் இல்லை, அதற்கு யாரும் பெயர் வைக்கவும் இல்லை.

இடையில் 1998இல் உலகச் சாம்பியன் போட்டி. அந்த வருடம் இறுதியை இரண்டு ஆட்டமாக வைத்தார்கள். ஃபின்லாந்துக்கு எதிராக முதலாவதில் 1-0, இரண்டாவதில் 0-0. இரண்டு இறுதி ஆட்டத்திலும் ஒரு கோல்கூட விடாமல் தங்கம். இதை நான் கேட்ட எந்த ஸ்வீடன்காரரும் தானாகச் சொல்லவில்லை. சொன்னதும், “ஆமாம் இல்லை!” என்றார்கள்.

2002க்குப் பிறகு? அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வருடம் ஹெல்சிங்கியில் உலகச் சாம்பியன் காலிறுதி, மறுபடி ஃபின்லாந்து. 5-1 என்று ஃபின்லாந்து முன்னால் போனது. சாலோவை வெளியே எடுத்து மிக்காயெல் டெல்க்விஸ்ட்டை நிறுத்தினார்கள். ஸ்வீடன் திருப்பி அடித்து 6-5 என்று ஜெயித்தது. இங்கே அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஆண்கள் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடும். நான் அந்தப் பதிவைப் பார்த்தபோது வேறெதையோ தேடினேன். ஆறாவது கோல் விழுந்து எல்லாரும் குதிக்கும்போது, தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சில் நிற்கிற அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்று. கேமரா அந்தப் பக்கம் போகவே இல்லை.

2004இல் கொலராடோவுக்கு மாற்றம், கொஞ்ச ஆட்டம். என்.எச்.எல். கணக்கு அதோடு முடிந்தது. 526 ஆட்டம், 210 வெற்றி, 225 தோல்வி, கோலே விடாத ஆட்டம் 37. பிறகு ஸ்வீடனுக்கே திரும்பி ஒரு வருடம் மூடோ அணியில். 2005இல் கோத்தன்பர்க்கின் ஃப்ரோலுண்டா அணிக்கு ஒரு கோல்கீப்பர் வேண்டியிருந்தது. சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த பையன் நியூயார்க்குக்குப் போய்விட்டான். பையன் பெயர் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். அந்த இடத்தில் வந்து நின்றார் 34 வயது சாலோ. அந்த சீசனில் இறுதிவரை போய் ஃபேரியஸ்டாட்டிடம் தோற்றது அணி. 2007இல் மட்டையை வைத்துவிட்டார், பிறகு பயிற்சியாளரானார்.

210க்கு 225. ஜெயித்ததைவிடத் தோற்றது பதினைந்து அதிகம். மோசமான கணக்கா என்றால், ஐலண்டர்ஸும் ஆயிலர்ஸும் அந்தக் காலத்தில் இருந்த இருப்புக்கு மோசமில்லை என்றே சொல்வேன். என் கணவர் ஒத்துக்கொள்வதில்லை. அவருக்கு லுண்ட்க்விஸ்ட் கட்சி. சாப்பாட்டு மேஜையில் இதற்காக இரண்டு முறை குரல் உயர்ந்திருக்கிறது, ஐஸில் நிற்கத் தெரியாத இரண்டு பேருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு சூராஹம்மார் போய்ப் பார்த்தேன். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு பாதி உறைந்து கிடந்தது. ஆலைக் கூரையில் பனி. சிலை கிலை எதுவும் கண்ணில் படவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. காரை நிறுத்திவிட்டு ஃப்ளாஸ்க்கில் இருந்த சாக்லேட்டைக் குடித்தோம். “இங்கேயிருந்தா கனடா வரைக்கும் போனார்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “எங்க பயிற்சிக்கு வருகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்” என்றாள், வெஸ்தெரோஸ் வரை உள்ள தூரத்தை மட்டும் கணக்குப் போட்டு.

பெரியவருக்கு அந்த நடுக்கோட்டு கோல் மறக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, ஐஸ் சமன்படுத்துகிற வண்டி வருவதற்குள் பத்து நிமிடம் இருந்தது. ஒரு வாளி நிறையப் பக் எடுத்துக்கொண்டு சாதாரண ஷூவில், வாத்து மாதிரி நடந்து நடுக்கோட்டுக்குப் போனார். அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டார். வேகமே இல்லை. எல்லாம் புரண்டு, தத்தி, விளிம்பில் விழுந்து, எரிச்சலூட்டுகிற மாதிரி வந்தன. முதல் சில வந்தபோது மகள் கோலை ஒட்டியே நின்றாள், பிறகு முன்னால் வந்து தத்துவதற்குள் அமுக்க ஆரம்பித்தாள். நான் கீறல் விழுந்த கண்ணாடி வழியாக எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது.

வண்டி வந்துவிட்டது. பெரியவர் வாளியை எடுத்துக்கொண்டு, அவளிடம் ஒன்றும் சொல்லாமல், மட்டையால் அவள் பேடில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

காரில் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“இரண்டு உள்ளே போய்விட்டது” என்றாள். ஒன்று எப்படிப் போனது, மற்றது எப்படிப் போனது என்று வீடு வரும்வரை சொன்னாள். மற்ற இருபத்தெட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கையுறையை உலர்த்து அலமாரியில் தொங்கவிட்டேன். நாளைக் காலை வரை அந்த வாடை வராந்தாவில் நிற்கும்.